ஒளி அலையா, துகளா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

பிளஸ் டூ மாணவர்களும், பள்ளியை விட்டுப் பல வருடம் ஆன பிறகும் இந்தச் சந்தேகம் தீராதவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்பதில்லை. நேரம் குறைவாக இருந்தால் ஃபோட்டான்களை, அதாவது ஒளிச் சிப்பங்களை, ஒவ்வொன்றாக அனுப்புவது பற்றிய பதிலை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள். விஷயத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஒளி அலையா, துகளா? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

நாம் பழகிய பொருளில் அது அலையும் இல்லை, துகளும் இல்லை. எந்த இடத்தில் எவ்வளவு ஒளி போய்ச் சேரும் என்பதை அலைக்கணக்கு சொல்லிவிடுகிறது. போய்ச் சேரும்போது அது எண்ணக்கூடிய முழு முழுச் சிப்பங்களாகத்தான் சேர்கிறது. அரைச் சிப்பம், கால் சிப்பம் கிடையாது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

அலை, துகள் என்று எதை வைத்துப் பிரிக்கிறோம்?

கோயில் குளத்தில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கற்களைப் போடுங்கள். இரண்டு வட்ட அலைகளும் பரவி ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போகும். மேடும் மேடும் சேரும் இடத்தில் நீர் உயரமாக எழும்பும். மேடும் பள்ளமும் சேரும் இடத்தில் நீர் அசையாமல் கிடக்கும். இதுதான் குறுக்கீட்டு விளைவு. கவனிக்க வேண்டியது அந்த அசையாத இடத்தை. இரண்டு பக்கமிருந்தும் வந்துசேர்ந்தும் அங்கே ஒன்றும் இல்லை.

புளியங்கொட்டையை வீசினால் அப்படி நடக்காது. ஒரு கொட்டை ஓர் இடத்தில்தான் விழும், அதை எண்ணலாம். இரண்டு பேர் வீசினால் எந்த இடத்திலும் கொட்டை கூடுமே தவிர, ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளாது. ஆகவே ஒளியும் ஒளியும் சேர்ந்து இருட்டானால் அலை. ஒளி எண்ணக்கூடிய தட்டுகளாக வந்து மோதினால் துகள். சோதனைகள் எல்லாம் இந்த இரண்டு அடையாளங்களைத் தேடித்தான் நடந்தன.

நியூட்டன் துகள் என்றுதானே சொன்னார்? கடைசியில் அவர் சொன்னதுதான் சரியா?

இல்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது. நியூட்டன் 1704-இல் எழுதிய துகள்கள், விசைக்கு ஆட்பட்டுப் பறக்கும் குட்டிக் குண்டுகள். நீருக்குள் நுழையும்போது நீர் அவற்றை இழுப்பதால் அங்கே ஒளியின் வேகம் கூடவேண்டும் என்பது அந்தக் கொள்கையின் முடிவு. 1850-இல் ஃபூக்கோ அளந்து பார்த்தார். நீரில் ஒளி மெதுவாகவே போனது.

அதற்கு முன்பே அலைப் பக்கம் வலுத்துவிட்டது. ஹாலந்தின் ஹைகன்ஸ் 1690-இல் அலைக் கொள்கையை வெளியிட்டிருந்தார். மருத்துவரான தாமஸ் யங், 1803-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஒரு சோதனையை விளக்கினார். சன்னல் கதவில் சிறு துளை, அதன் வழியே வரும் ஒல்லியான வெயில் கற்றை, அதன் நடுவே விளிம்பு பார்த்து நிறுத்திய ஒரு மெல்லிய அட்டை. அட்டையின் நிழலுக்குள் வெளிச்சமும் இருட்டுமாகப் பட்டைகள் தெரிந்தன. ஒரு பக்க ஒளியை மட்டும் மறைத்தால் அந்தப் பட்டைகள் காணாமல் போயின. மறைக்காத பக்கத்து ஒளி அப்படியேதான் இருக்கிறது, பட்டைகள் மட்டும் இல்லை. பட்டைகள் உருவாக இரண்டு பக்கமும் வேண்டும் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை.

அடுத்து வந்தது எனக்கு மிகவும் பிடித்த கட்டம். 1818-இல் பிரெஞ்சு அறிவியல் அகாடமி ஒரு போட்டி வைத்தது. ஃப்ரெனெல் தன் அலைக்கணக்கை அனுப்பினார். நடுவர்களில் ஒருவரான புவாசோன் துகள் பக்கத்தவர். ஃப்ரெனெலின் கணக்கையே எடுத்து நீட்டிப் பார்த்து, "இது சரியென்றால் ஒரு வட்டத் தகட்டின் நிழலுக்கு நட்ட நடுவில் வெளிச்சப் புள்ளி இருக்கவேண்டுமே, அது நடக்குமா?" என்ற வகையில் மறுத்தார். இன்னொரு நடுவரான அரகோ 2 மில்லிமீட்டர் தகடு ஒன்றை வைத்துச் சோதித்தார். நிழலின் நடுவில் புள்ளி இருந்தது. தகட்டின் விளிம்பு முழுவதிலிருந்தும் மையத்துக்கு ஒரே தூரம்; சுற்றிலுமிருந்து வரும் அலைகள் மேட்டோடு மேடாகச் சேர்ந்துவிடுகின்றன. கொள்கையை வீழ்த்தக் கண்டுபிடித்த கேள்வியே அதற்கு மிகப் பெரிய ஆதாரமாகிவிட்டது. அதை இன்றும் புவாசோன் புள்ளி என்றுதான் சொல்கிறார்கள்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்க முடியுமா?

தாராளமாக. சிவப்பு லேசர் பாயின்டர் ஒன்றும் ஒரு தலைமுடியும் போதும். இருட்டு அறையில் லேசரின் வாய்க்கு நேராக முடியைச் செங்குத்தாக ஒட்டி, இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் அடியுங்கள். நடுவில் ஒரு புள்ளியும் அதன் இரு பக்கமும் கிடைவாக்கில் விட்டு விட்டு வெளிச்சக் கோடுகளும் தெரியும். யங் பயன்படுத்திய அட்டையின் இடத்தில் இப்போது உங்கள் முடி இருக்கிறது. லேசர் யார் கண்ணிலும் படக்கூடாது. கண்ணாடியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ பட்டுத் தெறிப்பதும் ஆபத்துதான்.

அந்தக் கோடுகளை வைத்து முடியின் தடிமனைக் கணக்கிடலாம். லேசரின் அலைநீளம் 650 நானோமீட்டர், சுவர் 2 மீட்டர் தூரம் என்றால், 70 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள முடிக்கு அடுத்தடுத்த இருட்டு இடங்களுக்கு நடுவே சுமார் 1.9 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். அலைநீளத்தைத் தூரத்தால் பெருக்கி இடைவெளியால் வகுத்தால் தடிமன் கிடைத்துவிடும். வீட்டில் இருப்பவர்களின் முடியையெல்லாம் அளந்து பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

அலை என்று இவ்வளவு உறுதியான பிறகு துகள் எங்கிருந்து வந்தது?

அலையை நிரூபித்த சோதனைக்குள்ளிருந்தே வந்தது. ஒளி ஒரு மின்காந்த அலை என்று 1865-இல் மாக்ஸ்வெல் கணக்கில் காட்டினார். 1887 வாக்கில் ஹெர்ட்ஸ் அந்த அலைகளைச் செய்துகாட்டும் முயற்சியில் இருந்தார். அப்போது புற ஊதா ஒளி பட்டால் உலோக முனைகளுக்கு நடுவே மின்பொறி சுலபமாகத் தாவுவதைக் கவனித்து எழுதிவைத்தார். இதுதான் ஒளிமின் விளைவு: ஒளி உலோகத்திலிருந்து எலக்ட்ரான்களை வெளியேற்றுகிறது.

1902-இல் லெனார்ட் இதை அளந்தபோது சிக்கல் தெரிந்தது. ஒளிச்செறிவைக் கூட்டினால் வெளிவரும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை கூடியது. ஒவ்வொரு எலக்ட்ரானின் வேகம் கூடவில்லை. வேகம் கூட, ஒளியின் நிறத்தை மாற்ற வேண்டியிருந்தது. அலை என்றால் இது புரியாது. பெரிய அலை வந்தால் படகு பலமாகத் தூக்கியெறியப்பட வேண்டும் அல்லவா?

1905-இல் ஐன்ஸ்டைன் சொன்ன விளக்கம் இது: ஒளி ஆற்றல் சிப்பம் சிப்பமாகப் பரிமாறப்படுகிறது. ஒரு சிப்பத்தின் அளவு ஒளியின் அதிர்வெண்ணை, அதாவது அதன் நிறத்தை, பொறுத்தது. அதிர்வெண்ணைப் பிளாங்க் மாறிலி என்ற மாறாத எண்ணால் பெருக்கினால் வருவது. ஒரு சிப்பம் ஓர் எலக்ட்ரானிடம் முழுதாகப் போகிறது. உலோகத்தை விட்டு வெளியே வர எலக்ட்ரானுக்கு ஒரு குறைந்தபட்ச ஆற்றல் வேண்டும். பாடப்புத்தகத்தில் வெளியேற்று ஆற்றல் என்று வருவது அதுதான். சோடியத்துக்கு அது ஏறத்தாழ 2.3 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு). சிவப்பு ஒளியின் ஒரு சிப்பத்தில் இருப்பது 1.9. ஊதாவில் 3.1. ஆகவே சிவப்பு ஒளியை எவ்வளவு பலமாக அடித்தாலும் சோடியத்திலிருந்து எலக்ட்ரான் வராது. மங்கலான ஊதா ஒளி பட்ட உடனேயே வந்துவிடும். கிணற்றுச் சுவரைத் தாண்ட ஒரே தாவலில் உயரம் எட்டவேண்டும். நூறு குட்டித் தாவல்கள் சேர்ந்து ஒரு பெரிய தாவல் ஆகாது.

இதை நம்மில் பலர் கண்ணால் பார்த்திருக்கிறோம், கவனித்ததில்லை. கறுப்பு வெள்ளைப் படக் காலத்து ஸ்டுடியோ இருட்டறையில் சிவப்பு விளக்கு எரியும். அந்த வெளிச்சத்தில்தான் தாளை எடுப்பார்கள், மருந்தில் போடுவார்கள், உருவம் மெல்ல எழும்பி வருவதைப் பார்ப்பார்கள். தாளில் இருக்கும் வெள்ளி உப்பை மாற்றச் சிவப்புச் சிப்பம் போதாது, நீலச் சிப்பம் போதும். அதனால் வேலை முடியும்வரை சிவப்பு விளக்கு எரிந்தாலும் தாளுக்கு ஒன்றும் ஆகாது. கதவை ஒரு கணம் திறந்து வெயிலை விட்டால் கட்டுத் தாளும் பாழ். கலர் படம் வந்தபோது சிவப்புக்கும் வேலை செய்யும்படி சாயங்கள் சேர்க்க வேண்டியிருந்தது. அதன் பிறகு அந்தச் சிவப்பு விளக்கு உதவவில்லை.

ஐன்ஸ்டைன் சொன்னதும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா?

கிட்டத்தட்ட யாருமே ஒப்புக்கொள்ளவில்லை. ஆற்றல் துண்டு துண்டாக வருகிறது என்ற எண்ணத்தை 1900 டிசம்பரில் தொடங்கிவைத்தவரே பிளாங்க்தான். அவர் உட்பட நான்கு பேர் 1913-இல் ஐன்ஸ்டைனை பிரஷ்ய அகாடமிக்குப் பரிந்துரைத்துக் கடிதம் எழுதினார்கள். அதிலேயே, ஒளிச் சிப்பம் போன்ற ஊகங்களில் அவர் சில சமயம் குறி தவறியிருக்கலாம், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்ற கருத்தையும் சேர்த்திருந்தார்கள். அமெரிக்காவில் மில்லிகன் அந்தச் சமன்பாட்டைச் சரிபார்க்கப் பத்து வருடம் உழைத்து, 1916-இல் எண்களெல்லாம் அச்சாகப் பொருந்துவதை வெளியிட்டார். அப்போதும் ஒளிச் சிப்பம் என்ற விளக்கத்தை அவர் ஏற்கவில்லை. நம்பாத ஒருவர் கையால் வந்த சான்று என்பதால் எனக்கு அதன் மேல் கூடுதல் மரியாதை.

மனம் மாற வைத்தது 1923-இல் வந்த காம்டனின் சோதனை. கிராஃபைட்டில் எக்ஸ் கதிர் மோதிச் சிதறும்போது அதன் அலைநீளம் கூடியது. எவ்வளவு கூடியது என்பது சிதறிய கோணத்தைப் பொறுத்தது. கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் காயில் பட்டுத் தன் வேகத்தில் கொஞ்சம் கொடுத்துவிட்டு விலகுவதுபோல, ஒளிச் சிப்பம் எலக்ட்ரானுக்கு ஆற்றலும் உந்தமும் கொடுத்துவிட்டு விலகுகிறது என்று கணக்குப் போட்டால் விடை அப்படியே வந்தது. மறு வருடம் டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ், ஒளியை முழுக்கத் துகள்களின் கூட்டமாகவே எடுத்துக்கொண்டு பிளாங்க்கின் விதியை வருவித்து ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் தானே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட வைத்தார். ஒளிச் சிப்பத்துக்கு ஃபோட்டான் என்ற பெயர் பரவியது 1926-க்குப் பிறகு.

ராமன் விளைவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. காம்டன் எக்ஸ் கதிரில் கண்டதற்கு இணையான ஒன்று கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் இருக்கவேண்டும் என்று திருச்சியில் பிறந்த ராமன் எதிர்பார்த்தார். கல்கத்தாவில் அவரும் கே. எஸ். கிருஷ்ணனும் ஒரு நிற ஒளியை மட்டும் திரவத்துக்குள் அனுப்பி, சிதறி வருவதில் அந்த நிறத்தைத் தடுத்துவிட்டுப் பார்த்தார்கள். ஒன்றுமே தெரியக்கூடாது. ஆனால் மங்கலாக வேறு நிற ஒளி தெரிந்தது. 1928 பிப்ரவரி 28-இல் அதை உறுதி செய்தார்கள். ஃபோட்டான் தன் ஆற்றலில் ஒரு பங்கை மூலக்கூறின் அதிர்வுக்குக் கொடுத்துவிட்டு, மீதியோடு வேறு நிறமாக வெளியே வருகிறது. காம்டன் விளைவில் மோதுவது எலக்ட்ரானோடு, இங்கே மூலக்கூறோடு. அந்த வித்தியாசம் முக்கியம், இரண்டையும் ஒன்றென்று எழுதிவிடாதீர்கள்.

ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக அனுப்பினால் என்ன ஆகும்?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 1 மில்லிவாட் சிவப்பு லேசரிலிருந்து ஒரு நொடிக்கு வரும் ஃபோட்டான்கள், 33 கோடியை ஒரு கோடியால் பெருக்கினால் வரும் எண்ணிக்கை. ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 30 கோடி மீட்டர். இதை வைத்துப் பார்த்தால், ஒரு மீட்டர் நீளப் பாதையில் எந்தக் கணத்திலும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஃபோட்டான்கள் இருக்கும். கறுப்புக் கண்ணாடிகளை வைத்து 100 கோடியில் ஒரு பங்காகக் குறைத்தால், நூறு தடவை பார்த்தால் ஒரு தடவைதான் பாதையில் ஒரு ஃபோட்டான் இருக்கும். அதற்குத் துணைக்கு இன்னொன்று இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இப்படி மங்க வைத்த ஒளியை இரட்டைப் பிளவு (பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மெல்லிய கீறல்கள் உள்ள தகடு) வழியே அனுப்பி, எதிரே ஒவ்வொரு ஃபோட்டானையும் பதியும் கருவியை வைக்கிறோம். ஒரு புள்ளி விழுகிறது. பிறகு எங்கோ இன்னொரு புள்ளி. பத்து, ஐம்பது புள்ளிகள் வரை மழைத்துளி விழுந்த தரை மாதிரி ஓர் ஒழுங்கும் இல்லை. சில ஆயிரங்கள் ஆனதும் பட்டைகள் தெரிய ஆரம்பிக்கின்றன. இருட்டுப் பட்டை வரவேண்டிய இடங்களில் கிட்டத்தட்ட ஒரு புள்ளிகூட விழுந்திருக்காது. பலமான ஒளியில் யங் காட்டிய அதே பட்டைகள்.

இங்கே நிதானமாக நிற்க வேண்டும். விழுந்தது ஒவ்வொன்றும் முழுப் புள்ளி. அது துகளின் அடையாளம். விழுந்த இடங்களின் மொத்தம் குறுக்கீட்டுப் பட்டை. அது அலையின் அடையாளம். இரண்டும் ஒரே சோதனையில், ஒரே படத்தில். ஒரு பிளவை மூடினால் இருட்டாக இருந்த இடங்களிலும் புள்ளிகள் விழத் தொடங்கும். பாதையில் தனியாகப் போகும் ஃபோட்டானுக்கு மற்றப் பிளவு திறந்திருப்பதும் கணக்கில் வருகிறது. "ஒளி சில நேரம் அலையாகவும் சில நேரம் துகளாகவும் நடந்துகொள்கிறது" என்ற வரியை நான் மறுப்பது இதனால்தான். அந்த வரியைப் படிக்கும் மாணவர், ஒளி வேடம் மாற்றுகிறது என்று நினைத்துவிடுகிறார். அது எதையும் மாற்றவில்லை. எப்போதும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது. நம் கையில் இருக்கும் இரண்டு பழைய சொற்களில் எதுவும் அதை முழுதாகப் பிடிக்கவில்லை.

1909-இலேயே கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜி. ஐ. டெய்லர், மிக மங்கலான வாயு விளக்கு ஒளியில் ஓர் ஊசியின் நிழலைப் படமெடுத்தார். நீண்ட பதிவுக்கு மூன்று மாதம் ஆனது. பட்டைகள் தெளிவு குறையாமல் இருந்தன. ஆனால் மங்கலான ஒளியில் இரண்டு ஃபோட்டான்கள் தற்செயலாகச் சேர்ந்து வரலாம் என்ற ஆட்சேபம் பாக்கி இருந்தது. 1986-இல் பிரான்சில் கிராஞ்சியே, ரோஜே, அஸ்பே மூவரும் அதையும் தீர்த்தார்கள். அவர்கள் பயன்படுத்திய கால்சியம் அணுக்கள் ஃபோட்டான்களை இரண்டிரண்டாக வெளிவிடும். முதலாவது வந்ததும் மணி அடித்ததுபோல, இரண்டாவது தனியாக வருகிறது என்று தெரிந்துவிடும்.

அப்படியானால் ஒரு ஃபோட்டான் இரண்டாகப் பிளந்து போகிறதா?

பிளப்பதில்லை. அதே 1986 சோதனையில், பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் கண்ணாடி ஒன்றில் தனி ஃபோட்டானை விட்டார்கள். இரண்டு பக்கமும் கருவிகள். பிளந்திருந்தால் இரண்டும் ஒன்றாகச் சத்தம் போடவேண்டும். கிட்டத்தட்ட எப்போதும் ஏதோ ஒன்றுதான் போட்டது. பிறகு கருவிகளை எடுத்துவிட்டு இரண்டு பாதைகளையும் மறுபடி சேர்த்தார்கள். குறுக்கீடு வந்தது.

இரண்டு பாதைகளிலும் பரவுவது, ஃபோட்டான் எங்கே பதிவாகும் என்ற வாய்ப்பைத் தரும் அலை. இந்த அலை உண்மையில் என்ன, வெறும் கணக்கா, இயற்கையிலேயே இருக்கும் ஒன்றா என்பதில் இயற்பியலாளர்கள் இன்னும் ஒருமனதாக இல்லை. கணக்கு தரும் எண்களில் மட்டும் சண்டை கிடையாது.

யாராவது பார்த்தால் பட்டைகள் மறைந்துவிடும் என்கிறார்களே? மனித மனத்துக்கு அப்படிச் சக்தி உண்டா?

இல்லை. காணொளிகளில் இந்தத் தவறு பரவுவது எனக்கு வருத்தம் தருகிறது, ஏனென்றால் உண்மை இதைவிடச் சுவையானது. போலராய்டு என்பது ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள். 45 பாகைச் சாய்வில் அதிரும் லேசர் ஒளியை எடுத்துக்கொண்டு, ஒரு பிளவின் மேல் நெட்டுவாக்கில் ஒரு போலராய்டு தாளும், மற்றப் பிளவின் மேல் கிடைவாக்கில் இன்னொன்றும் ஒட்டுங்கள். பட்டைகள் மறைந்துவிடும். ஆய்வகத்தில் ஒரு ஆளும் வேண்டாம். எந்தப் பிளவு வழியே வந்தது என்ற அடையாளம் ஒளியிலேயே பதிந்துவிட்டது, அதுவே போதும். இப்போது திரைக்கு முன்னால் மூன்றாவது போலராய்டு ஒன்றை இரண்டுக்கும் நடுவான 45 பாகைச் சாய்வில் வையுங்கள். அதைக் கடந்து வந்த ஒளியில் அந்த அடையாளம் இருக்காது. பட்டைகள் திரும்பி வந்துவிடும்.

எலக்ட்ரானுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். 1924-இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் டி பிராய் சொன்னார். 1927-இல் டேவிசனும் ஜெர்மரும் நிக்கல் படிகத்தில் காட்டினார்கள். அதே சமயத்தில் தனியே காட்டிய ஜி. பி. தாம்சன், எலக்ட்ரானைத் துகளாகக் கண்டறிந்த ஜே. ஜே. தாம்சனின் மகன். அப்பாவுக்கும் மகனுக்கும் நோபல் பரிசு. 1999-இல் வியன்னாவில் 60 கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறுகளுக்கே குறுக்கீடு கிடைத்தது. வேகமாக வீசிய கிரிக்கெட் பந்தின் அலைநீளமோ ஒரு புரோட்டானின் அளவைவிடக் கோடிக்கணக்கான கோடி மடங்கு சிறியது. மைதானத்தில் தெரியாது.

செல்ஃபோன் டவர் கதிரும் ஃபோட்டான்தானே? அது உடம்பைத் தாக்குமா?

ஃபோட்டான்தான். ஆனால் 2 கிகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு சிப்பம், பச்சை ஒளியின் சிப்பத்தில் சுமார் 3 லட்சத்தில் ஒரு பங்கு. மூலக்கூறுகளின் பிணைப்பை உடைக்கச் சில எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். கிணற்றுச் சுவர் உதாரணத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் இந்தத் தாவல் அந்த உயரத்தை எட்டாது. பலமாக இருந்தால் சூடு ஏற்றும், மைக்ரோவேவ் அடுப்பு செய்வது அதைத்தான். அதற்காகத்தான் அளவுக்கு வரம்பு வைக்கிறார்கள். வெயிலின் புற ஊதாவும் எக்ஸ் கதிரும் வேறு வகை. அவற்றின் ஒரு சிப்பத்துக்கே பிணைப்பை உடைக்கும் ஆற்றல் உண்டு.

ஒரே ஒரு ஃபோட்டானை நம் கண் உணருமா?

1942-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹெக்ட், ஷ்லேர், பிரென் மூவரும் இதைச் சோதித்தார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் இருட்டில் கண்ணைப் பழக்கிய பிறகு, மிக மங்கலான பச்சை நிற மின்னல்களைக் காட்டி, தெரிந்ததா இல்லையா என்று கேட்டார்கள். கண்ணின் முன்பரப்பில் 54 முதல் 148 ஃபோட்டான்கள் பட்டாலே "தெரிந்தது" என்ற பதில் வந்தது. வழியில் பெரும்பகுதி வீணாகி, விழித்திரையின் செல்கள் உண்மையில் உள்வாங்கியது 5 முதல் 14 வரைதான். அவை விழுந்த பரப்பில் சுமார் 500 செல்கள் இருந்தன. ஒரே செல்லில் இரண்டு விழுவதற்கு வாய்ப்பு குறைவு. ஆக, விழித்திரையின் ஒரு செல், தனி ஒரு ஃபோட்டானுக்கே பதில் சொல்கிறது.